தண்ணீர் வார்த்தவள்

பிள்ளைகள் முதன்முதல் நற்கருணை வாங்குகிற புது நன்மைக்கு முதல் நாள் பின்னேரம் திருகோணமலைக் கத்தோலிக்கக் கோயில் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. செய்த பாவங்களைச் சுவாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் முடித்து வருகிற பிள்ளைகள், மண்டபத்து வாங்குகளில் வரிசையாக இருக்கிற தாய் தகப்பன் முன்னாலும் ஞானத்தாய் ஞானத்தகப்பன் முன்னாலும் முழங்காலில் நிற்பார்கள். நான் செய்த குற்றமெல்லாம் மன்னித்து என்னை ஆசீர்வதியுங்கோ என்று கேட்பார்கள். பெரியவர்கள் பெருவிரலால் பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைந்து, "எழும்பு மோனை" என்று தூக்கிவிடுவார்கள். கூடவே மூக்கையும் சிந்துவார்கள். நேற்றுவரை ஈர்க்கால் அடி வாங்கிய பிள்ளை இன்றைக்குச் சம்மனசாகிவிட்டது என்றால் எந்தத் தாய்க்குத்தான் அழுகை வராது?

இந்த வழக்கத்தை வருஷாவருஷம் ஒழுங்கு பண்ணுகிறவள் மதலேனா ரீச்சர். யார் எந்த வாங்கில் இருப்பது, எந்தப் பிள்ளை எதற்குப் பின்னால் வருவது, எவனுடைய சட்டைப் பொத்தான் கழன்றிருக்கிறது, எல்லாம் அவள் பொறுப்பு. செபம் படிப்பித்தவள் அவள். பாவம் ஒன்றும் செய்யவில்லை என்று சாதித்த பிள்ளைகளுக்கு அவரவர் பாவத்தைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவள் அவள். நற்கருணை வாங்க நாக்கை எவ்வளவு நீட்டுவது என்று அப்பளத் துண்டு வைத்துப் பழக்கியவளும் அவள்தான். ஆனால் அவள் முன்னால் ஒரு பிள்ளையும் முழங்காலில் நின்றதில்லை. அது பெற்றவர்களுக்கும் ஞானப் பெற்றோருக்கும் உள்ள உரிமை. ரீச்சர் சுவரோரம் நின்று பார்ப்பாள். எல்லோரும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு போனபின் வாங்குகளை இழுத்துப் பழைய இடத்தில் போட்டுவிட்டு, கோயிலுக்குப் பின்தெருவில் இருந்த தன் வீட்டுக்குப் போவாள். குசினியில் மத்தியானச் சோறு ஆறிப்போய்க் கிடக்கும்.

ஊரில் அவளைப் பற்றி நல்ல கதைதான் இருந்தது. நல்ல கதையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்ன செய்வது? தாய் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே தமையன் மலாயாவில் தோட்டக் கந்தோரில் கிளார்க் வேலையென்று போனவன், வரவரக் கடிதம் குறைந்து, உலகச் சண்டை தொடங்கியதோடு அதுவும் நின்றுபோனது. வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஏன் மடத்தில் சேர்ந்து கன்னியாஸ்திரி ஆகவில்லை என்று கேட்டவர்கள் உண்டு. அப்படிக் கேட்டவர்கள் எல்லோருக்கும் வீட்டில் புருஷனும் நாலைந்து பிள்ளைகளும் இருந்தார்கள். அவள் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தாள். மதலேனா என்று அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஊரில் ஒருவரும் மிச்சமில்லை. கோயில், சந்தை, தெரு எல்லா இடத்திலும் அவள் ரீச்சர்தான்.

இராசநாயகம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது கிறிஸ்தவ வேதம் படிக்க அல்ல. குண்டு விழுந்தால் பிள்ளைகள் எப்படி வாங்குக்குக் கீழே படுக்க வேண்டும் என்று பழக்க வந்தவர். பக்கத்துச் சல்லிக் கிராமத்தில் பிறந்த சைவக்காரர். துறைமுக டொக்யாட்டில் லோஞ்ச் என்ற மோட்டார்ப் படகு ஓட்டுகிற வேலை. வேலையில்லாத நேரங்களில் விமானக் குண்டுவீச்சுக் காவலான ஏ.ஆர்.பி. காரரின் இரும்புத் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போவார். ஜப்பான்காரன் இன்னும் சண்டையில் இறங்காத காலம் அது. அவர் விசில் ஊதப் பிள்ளைகள் வாங்குக்குக் கீழே புகுந்து ஒருவரையொருவர் கிள்ளி விளையாடுவார்கள். அவரும் கோபிக்க மாட்டார். சிறு வயதிலேயே தாயைத் தின்றவர், மாமி வீட்டில் வளர்ந்தவர், நாற்பதாகியும் ஒருவரும் அவருக்குப் பெண் பார்க்க மினைக்கெடவில்லை. பிள்ளைகளுடைய கும்மாளம் அவருக்கு அருமையாக இருந்திருக்க வேண்டும்.

அதே நாட்களில்தான் கோயில் சுவாமியார் புதுக் கட்டளை ஒன்று போட்டார். அவர் பிரான்சிலிருந்து வந்து தலை நரைத்தவர், புத்தகத் தமிழ் பேசுகிறவர். குண்டு விழுந்தால் ஞானஸ்நானம் பெறாத எத்தனையோ பேர் சாகக் கிடப்பார்கள், அவர் ஒருவர் எத்தனை இடத்துக்கு ஓடுவார்? ஆகையால் பெரிய வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் அவசர ஞானஸ்நானம் கொடுக்கப் பழக வேண்டும் என்றார். பழக ஒரு தலை வேண்டுமே. ரீச்சர் சந்தையில் நல்ல உருண்டையாக ஒரு பூசணிக்காய் பார்த்து வாங்கி வந்து மேசையில் வைத்தாள். பேரில்லாமல் எப்படி என்று பிள்ளைகள் கேட்டார்கள். அவர்களே வஸ்தியான் என்று பேரும் வைத்தார்கள். காய்க்குக் கொடுக்கிற ஞானஸ்நானம் செல்லாது என்று ரீச்சர் முதலே சொல்லிவைத்தாள். இல்லாவிட்டால் பழகி முடிந்தபின் வஸ்தியானைக் கறி வைக்கலாமா என்ற கேள்வி வரும். சொல்லிவைத்தும் அது வந்தது.

தண்ணீர் தலையில் ஓட வேண்டும், ஓடுகிற நேரமே வசனத்தையும் சொல்ல வேண்டும் என்று படிப்பித்தாள். ஆணோ பெண்ணோ, சைவக்காரரோ இஸ்லாமானவரோ, கோயில் நினைக்கிறதைத் தானும் நினைத்துச் செய்தால் யார் வார்த்தாலும் செல்லும் என்றாள். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற இராசநாயகம் அதைக் கேட்டுவிட்டார்.

"அப்ப நானும் ஒராளுக்கு வார்க்கலாமோ ரீச்சர்?"

"ஓம், வார்க்கலாம். உங்களுக்குத்தான் இன்னும் ஒருத்தரும் வார்க்கேல்லை."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ரீச்சருக்கு முகம் சிவந்து, வஸ்தியானின் தலையில் வார்த்த தண்ணீர் பாதி மேசையில் போனது.

அதற்குப்பின் விசில் ஊதுகிற நாள் இல்லாத நாளிலும் அவர் வந்தார். ஞானோபதேச நேரமாகப் பார்த்து விறாந்தைச் சுவரில் சாய்ந்து நின்று கேட்டார். கேட்கக் கேட்கக் கேள்வியும் கேட்டார். ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் போய்விட்டார்கள். இரண்டு பேரும் விறாந்தையின் இரண்டு முனையில் நின்று மழை விடப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அவர் கேட்ட கேள்வி, "உங்கட பேர் என்ன ரீச்சர்?" என்பது. இத்தனை வருஷத்தில் அதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. சொன்னாள். அவர் ஒருமுறை அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, வேதத்தில் சேர்ந்து அவளைக் கலியாணம் முடிக்க விருப்பம் என்றும், அவளுக்கு விருப்பமில்லாவிட்டால் இனி விசில் ஊத வேறு ஆளை அனுப்புவதாகவும் சொன்னார்.

அவள் சுவாமியாரைக் கேளுங்கோ என்றாள். ஆனால் அந்தக் கிழமையே ஓர்ஸ் ஹில்லில் வீடு காலி பண்ணிப்போன ஒரு கந்தோர்க்காரரின் சாமான்களில் நல்ல கதிரை ஒன்று வாங்கி வந்து, தன் கதிரைக்கு எதிரே போட்டாள். அவளுடைய சம்மதம் அதுதான். அதில் அவர் வந்து இருக்கத்தான் வழியில்லை. தனியே இருக்கிற பெண்ணின் வீட்டுக்குள் ஆம்பிளை கால் வைத்தால் ஊர் சும்மா விடுமா? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. தாலி ஏறும்வரை கதிரை காத்துக்கிடக்கட்டும் என்று நினைத்தாள். ஒவ்வொரு நாளும் அதைத் தூசு தட்டினாள்.

சுவாமியார் லேசில் இளகவில்லை. பெண்ணுக்காக வேதத்துக்கு வருகிறவன் பெண் கிடைத்ததும் போய்விடுவான் என்பது அவர் பட்டறிந்த பாடம். நன்றாகப் படி, பெந்தெகொஸ்தே திருநாளில் ஞானஸ்நானம் தருகிறேன், அதன்பிறகு கலியாணப் பேச்சை எடு என்றார். சல்லியில் மாமி வீட்டார் அவர் வேதத்துக்குப் போகிறார் என்று கேட்ட அன்றே படலையைச் சாத்திவிட்டார்கள். அவர் டொக்யாட் கூலிக்காரரின் லயத்தில் ஒரு மூலையில் படுத்துக்கொண்டு படித்தார். சூசை என்று பேர் வைப்பதாகவும் முடிவானது. மாதாவுக்குப் புருஷனாக இருந்தவரின் பேர் என்பதால் ரீச்சருக்கு அதில் ஒரு களிப்பு. வெளியில் காட்டவில்லை.

அப்போது வந்து சேர்ந்தது நாற்பத்திரண்டாம் ஆண்டுப் பாஸ்கு. உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான் என்ற கதை வந்ததும் திருகோணமலை நடுங்கிப்போனது. அடுத்தது துறைமுகம்தான் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரிந்தது. மூட்டை முடிச்சோடு நிலாவெளிப் பக்கம் போனவர்கள் பாதி, தோணியேறிக் கிண்ணியாவுக்கும் அங்காலே தோப்பூருக்கும் போனவர்கள் பாதி. பள்ளிக்கூட மண்டபத்தை முதலுதவிக்கென்று எடுத்து நாலு கட்டிலும், காயத்துக்கு மருந்து கட்டுகிற ஒரு டிரெசரும் போட்டார்கள். ரீச்சர் போகவில்லை. வீரம் என்று சிலர் பிறகு சொன்னார்கள். வீரமுமில்லை, மண்ணுமில்லை. போனால் வா என்று சொல்ல அவளுக்கு எங்கேயும் ஆளில்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை விமானங்கள் வந்தன. துறைமுகப் பக்கம் வானம் கறுத்தது. நிலம் அதிர்ந்ததில் மண்டபத்து ஓடுகள் கழன்று விழுந்தன. அடங்கிய கொஞ்ச நேரத்தில் காயப்பட்டவர்கள் வரத் தொடங்கினார்கள். கிண்ணியாவிலிருந்து சாமான் ஏற்ற வந்திருந்த மாட்டுக் கரத்தைக்காரர் கலீலுர் றஹ்மான், ஏற்றிய சாமானையெல்லாம் தெருவில் இறக்கிவிட்டு, வழியில் விழுந்து கிடந்த ஒருவரை ஏற்றிக்கொண்டு வந்தார். அது இராசநாயகம். தொடையிலிருந்து கீழே பார்க்க முடியாமல் இருந்தது. சட்டை முழுவதும் இரத்தம். டிரெசர் குனிந்து பார்த்தார், கட்டுப் போட்டார், ரீச்சரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு மற்ற ஆளிடம் போனார்.

சுவாமியார் துறைமுகப் பக்கம் சாகக் கிடந்தவர்களுக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கப் போனவர், எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. இராசநாயகம் கண்ணைத் திறந்தார். ஆளை அடையாளம் கண்டார்.

"பெந்தெகொஸ்தே மட்டும் இருக்க ஏலாது போலை ரீச்சர். தண்ணி வார்த்துவிடுங்கோ" என்றார்.

கலீலுர் றஹ்மான் குடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து மண்டபத்து மூலைப் பானையில் செம்பை முக்கி எடுத்துக்கொண்டு ஓடி வந்து நீட்டினார். ரீச்சர் அதைப் பறித்தாள் என்றே சொல்ல வேண்டும். கரத்தைக்காரர் இராசநாயகத்தின் தலையைத் தாங்கிப் பிடித்தார். அவளுடையது பூசணிக்காயில் எத்தனை தரம் பழகிய கை. வாயும் பழகிய வாய். "வஸ்தியான், நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன், பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்துசாந்துவுடையவும் நாமத்தினாலே" என்று முழுவதையும் சொல்லித் தண்ணீரை வார்த்து முடித்தபிறகுதான், சூசைக்குப் பதிலாகக் காயின் பேரைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது போலத் தெரிந்தது. பிறகு கண் மூடியது. மூச்சு மட்டும் இருந்தது.

லொறி ஒன்று வந்து மூச்சிருந்தவர்களை அனுராதபுரம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது. அவரையும் ஏற்றினார்கள். ரீச்சர் கூடப் போகக் கேட்டாள். நீங்கள் அவருக்கு என்ன முறை என்று கேட்டார்கள். அவள் லொறிப் பலகையைப் பிடித்திருந்த கையை எடுத்தாள்.

அதற்குப்பின் ஊர் ஒரு பாழடைந்த இடம். கடைகள் பூட்டு, பள்ளிக்கூடம் பூட்டு. ரீச்சர் கழன்ற ஓடுகளைப் பொறுக்கி அடுக்கினாள். அவர் செத்துப்போனார் என்றே நினைத்தாள். செத்தவருக்காகக் கறுப்பு உடுக்கவும் அவளுக்கு உரிமை இல்லை. வாய்விட்டு அழுதால் ஏன் என்று கேட்க ஆளில்லாத வீட்டில் அழுவதில் ஒரு சுகமும் இல்லை என்பதை அந்த நாட்களில்தான் கண்டுகொண்டாள். கதிரையை மட்டும் தூசு தட்டினாள்.

வைகாசியில், லொறியோடு போயிருந்த அந்த டிரெசர் திரும்பி வந்தபோது சொன்ன கதையில் அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆள் பிழைத்துவிட்டார். ஒரு கால் இனிச் சரிவராது, காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, ஆனால் ஆள் இருக்கிறார், கஞ்சி குடிக்கிறார், கதைக்கிறார். ரீச்சர் கோயிலுக்கு ஓடினாள். மாதா பீடத்தில் மெழுகுதிரி கொளுத்திவிட்டுத் திரும்ப, சுவாமியார் நின்றார். பிழைத்த கதையையும், தண்ணீர் வார்த்த கதையையும், பேர் மாறிப்போன கதையையும் ஒரே மூச்சில் சொன்னாள். பேரைக் கேட்டு அவரும் சிரித்தார். அர்ச்சியசிஷ்ட வஸ்தியாரும் அம்பு தைத்து உடம்பெல்லாம் காயப்பட்டுப் பிழைத்தவர்தானே, நல்ல பேர்தான் என்றார். பிறகு சட்டென்று அவர் முகம் மாறியது.

"மகளே, தண்ணீர் வார்த்தது யார்?"

"நான்தான் சுவாமி."

"பக்கத்தில் வேறு ஒருவரும் இல்லையா?"

"கிண்ணியாக் கரத்தைக்காரர் நிண்டவர். அவர்தான் செம்பைத் தந்தவர்."

"அவர் வார்த்திருக்கலாமே, மகளே."

அவர் அவளை வாங்கில் இருத்தி விளக்கமாகச் சொன்னார். ஞானஸ்நானம் கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையில் ஞான உறவு உண்டாகிறது. தண்ணீர் வார்த்தவள் தாய் போல, பெற்றவன் பிள்ளை போல. திருச்சபைச் சட்டப்படி அந்த இரண்டு பேருக்கும் கலியாணம் செல்லாது. வேறு ஆளிருக்கப் பெற்ற தாயோ தகப்பனோ தன் பிள்ளைக்குத் தானே வார்க்கக் கூடாது என்று சொல்வதும் இந்த உறவு வந்து குறுக்கே நிற்கும் என்பதால்தான். அப்படி ஒரு விதி உண்டென்று ரீச்சரும் கேள்விப்பட்டிருக்கிறாள். காரணத்தை ஒருநாளும் கேட்டதில்லை. பூசணிக்காயைக் கலியாணம் முடிக்கப்போகிறவர் யாரும் வகுப்பில் இருக்கவில்லையே.

அழாதே, இது கழற்ற முடியாத முடிச்சல்ல, குருமாருக்கெல்லாம் மேலான மேற்றிராணியார் நினைத்தால் தடையை நீக்கித் தருவார், நான் கேட்கிறேன் என்றார் சுவாமியார். சண்டைக் காலம், பதில் வரச் சுணங்கும், அதுவரை ஒருவரிடமும் வாய் திறக்காதே, அவனுக்கும் வீண் ஆசை காட்டாதே என்றும் சொன்னார். சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்று சும்மா சொல்வோம். அவளுக்கு வாய்க்கும் எட்டியது, பேசத்தான் அனுமதி இல்லை.

ஒரே ஓர் ஆளிடம் அவள் வாய் தவறியது. ஆனி மாதம் கலீலுர் றஹ்மான் விறகு ஏற்றிக்கொண்டு வந்தார். படலையில் நின்று அந்த மனுஷனுக்கு என்ன நடந்தது என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார். பிழைத்தார் என்று கேட்டு அல்லாவைப் புகழ்ந்தார். அந்த அன்பைக் கண்டு அவளுக்குத் தாங்கவில்லை. விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்தார்.

"ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நானே ஊத்தியிருப்பேனே டீச்சர். செம்பு என்ட கையிலதானே இருந்திச்சு" என்றார்.

தான் செய்த பிழை போல அவர் தலை குனிந்துகொண்டு கரத்தையை ஓட்டிப் போனார். விறகு இறக்கவும் மறந்துவிட்டார்.

மெல்ல மெல்லச் சனம் திரும்பியது. பள்ளிக்கூடம் பாதிப் பிள்ளைகளோடு திறந்தது. தள்ளிப்போன புது நன்மையை ஆவணியில் மோட்சத்துக்கு எழுந்தருளின மாதா திருநாளில் வைப்பதென்று முடிவானது. இராசநாயகமும் ஊன்றுகோலோடு திரும்பி வந்தார். சல்லிப் படலை திறக்கவில்லை. சுவாமியார் கோயில் வளவில் ஒரு அறை கொடுத்து, மணியடிக்கிற வேலையும் கொடுத்தார். ஞானஸ்நானச் சடங்கில் விட்டுப்போன எண்ணெய் பூசுவதையும் உப்பு வைப்பதையும் கோயிலில் வைத்து நிறைவாக்கினார். இனி அவர் வஸ்தியான். பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவர் புது நன்மைக்குப் படிக்கவென்று கடைசி வாங்கில் முழங்கால் இடிக்க இடிக்க வந்து இருந்தார். அப்பளத் துண்டுக்கு அவரும் நாக்கை நீட்டினார்.

கலியாணப் பேச்சை அவர் எடுக்கவில்லை. கண்ணைப் பார்த்துக் கதைக்கவும் கூசினார். கால் போன வெட்கம் என்று அவள் நினைத்தாள். அனுமதி வரட்டும், நானே சொல்லி அந்த வெட்கத்தைப் போக்குகிறேன் என்று காத்திருந்தாள்.

புது நன்மைக்கு முதல் நாள் பின்னேரம், பாவசங்கீர்த்தனம் கேட்கக் கூண்டில் போய் இருக்குமுன் சுவாமியார் அவளைக் கூப்பிட்டார். மேற்றிராணியார் அனுமதி தந்துவிட்டார், இனி ஒரு தடையும் இல்லை, நீயே அவனிடம் சொல் என்றார். கிழவர் முகமெல்லாம் சிரிப்பு. ரீச்சர் மண்டபத்துக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வாங்குகளை இழுத்துப் போட்டாள். பெற்றோரை இருத்தினாள். எல்லாம் முடியட்டும், பிள்ளைகள் போகட்டும், இந்தச் சுவரோரத்திலேயே சொல்லிவிடலாம் என்று தன்னைத்தானே பிடித்து நிறுத்தினாள். இத்தனை வருஷம் வயிற்றெரிச்சலோடு பார்த்த சடங்கை அன்றைக்கு முதன்முதலாகச் சந்தோஷமாகப் பார்த்தாள்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து முழங்காலில் நின்றார்கள், எழும்பினார்கள், மூக்குகள் சிந்தப்பட்டன. கடைசியாக ஊன்றுகோல் சத்தம் கேட்டது. பின்னாலேயே வந்த சுவாமியார் வாசலில் நின்றார். சற்று முன் சிரித்த முகம் இப்போது நிலத்தைப் பார்த்தது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் யாருக்கும் சொல்ல ஏலாது, முகத்தைத்தான் மறைக்கத் தெரியவில்லை.

வஸ்தியான் வாங்குகளைக் கடந்து நேரே சுவரோரம் வந்தார். ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை மடக்கி, மற்றக் காலை இழுத்து வைத்து, அவள் முன்னால் முழங்காலில் நின்றார்.

"ஒரு காலம் உங்களை முடிக்க ஆசைப்பட்டனான். அந்த ஆசையையும் இண்டைக்குப் பாவசங்கீர்த்தனத்தில சொல்லிப்போட்டு வந்தனான்" என்றார். "ஆஸ்பத்திரியில மடத்து மதர் சொன்னவ, தண்ணி வார்த்தவ தாய் எண்டு. எனக்கு அம்மான்ர முகம் ஞாபகமில்லை. அங்கை காய்ச்சலில கிடக்கேக்க அம்மா எண்டு நினைச்சா உங்கட முகம்தான் வந்தது. அதைப் பிடிச்சுக்கொண்டுதான் பிழைச்சனான். என்னை மன்னிச்சு ஆசீர்வதியுங்கோ அம்மா."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று கேட்டிருக்கிறோம். இங்கே சாமியும் கொடுத்து, பூசாரியும் கொடுத்து, மாப்பிள்ளை தாயென்று காலடியில் நிற்கிறார். அவள் வாய்க்குள் ஒரு சொல் இருந்தது. தடையில்லை என்று சொன்னால் போதும். சொல்லியிருந்தால் அவர் எழும்பி வந்து அந்தக் கதிரையில் இருந்திருப்பார் என்றுதான் இதைச் சொல்கிற எனக்கு இன்றைக்கும் படுகிறது. அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தது. மதர்மேல் வந்தது. செம்பைக் குடிக்கத் தந்த கரத்தைக்காரர்மேலும், வாயில்லாத பூசணிக்காய்மேலும் வந்தது. யார் கேட்டார்கள் இந்தத் தாய்ப் பட்டத்தை?

அவர் கண்ணை மூடிக்கொண்டு நெற்றியை நிமிர்த்தி வைத்திருந்தார். அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். வருஷாவருஷம் அந்த மண்டபத்தில் தாய்மார் முன்னால் நின்ற சின்ன முகங்கள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. இவருக்கு அது நாற்பது வயதில் கிடைத்திருக்கிறது. படலை சாத்தின மாமி வீட்டுக்கும், நினைவில் இல்லாத தாய்க்கும் பதிலாக இந்த உலகத்தில் இவருக்கென்று இருப்பது இந்த ஓர் உறவு. இதைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைக் கொடுக்கலாம். கொடுத்தால் வாங்குவார். வாங்கிய பிறகும், தாயை முடித்தேனோ என்று ஒரு முள் உள்ளே கிடக்கும்.

வாங்குகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மதலேனா ரீச்சர் பெருவிரலை அவர் நெற்றியில் வைத்தாள். மேலிருந்து கீழே, இடமிருந்து வலம்.

"எழும்பு மோனை" என்றாள்.

அன்றைக்கும் எல்லோரும் போனபின் அவள் வாங்குகளை இழுத்துப் பழைய இடத்தில் போட்டாள். வஸ்தியான் நொண்டி நொண்டி ஒரு கை கொடுத்தார். சுவாமியார் அனுமதியைப் பற்றி அதற்குப்பின் ஒரு சொல்லும் அவளிடம் கதைக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

தாய் வீட்டுக்கு மகன் வரலாம், அதற்கு ஊரில் தடையில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வஸ்தியான் அவள் வீட்டுக்கு வந்தார். எதிரே போட்டிருந்த கதிரையில் இருந்தார். மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டார், நல்லாயிருக்கு அம்மா என்றார், மணியடிக்க நேரமாகிறது என்று எழும்பிப் போனார். அவர் இருந்த சூடு கதிரையில் கொஞ்ச நேரம் இருக்கும். கதிரை வெறுமையாகக் கிடந்த நாட்களே பரவாயில்லை என்று அவளுக்குச் சில ஞாயிறுகளில் தோன்றியது. அப்படித் தோன்றியதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாளோ என்னவோ, எனக்குத் தெரியாது.

சண்டை முடியவில்லை. அடுத்த வருஷமும் அவசர ஞானஸ்நானப் பாடம் வந்தது. ரீச்சர் சந்தைக்குப் போய்ப் பூசணிக்காய் வாங்கி வந்தாள். இந்த முறை காய்க்குப் பேர் வைக்க விடவில்லை. தண்ணீர் ஓட வேண்டும், வசனம் கூடவே வர வேண்டும், யார் வார்த்தாலும் செல்லும் என்று வழமையாகச் சொன்னாள். பிறகு புத்தகத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னாள்.

"உங்களுக்கு விருப்பமான ஆளெண்டா, பக்கத்தில ஆர் நிண்டாலும் செம்பை அவையின்ர கையில குடுங்கோ. நீங்கள் வார்க்காதீங்கோ."

முன்வாங்கில் இருந்த ஒரு பெண்பிள்ளை, ஏன் ரீச்சர் என்று கேட்டது. வார்க்கிற ஆள் தாயாகிப் போயிடும் என்றாள் ரீச்சர்.

"அது நல்லதுதானே ரீச்சர்?"

வெளியில் வஸ்தியான் மத்தியான மணியை அடிக்கத் தொடங்கியிருந்தார். பிள்ளைகள் எழும்பிச் சிலுவை போட்டார்கள். செபம் முடியும்வரை அவள் காயின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஓம் மோனை, நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு, செம்பை அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தாள்.